வார்ப்புப் பிசினும் சிற்பியின் நேர்மையும்

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். சைவசித்தாந்தம் பயில்வோர் முதல் நாளிலேயே கேட்கும் உவமை இது. கிரேக்க நாட்டு அரிஸ்ரோட்டிலும் காரணங்களை வகுத்துரைத்தபோது சிலையையும் அதன் வெண்கலத்தையும் எடுத்துக்காட்டினார். இவ்விரு மரபுகளிலும் சடப்பொருள் தானாக எதையும் செய்வதில்லை; அது காத்துக் கிடக்கிறது; செய்வோன் வந்து அதற்கு உருக்கொடுக்கிறான். ஆயினும் எத்தனையோ பொருள்களுள் ஒன்றை ஏன் தெரிந்தான், அத்தெரிவுக்காக அவன் யாருக்கு விடைகூறக் கடமைப்பட்டவன் என்ற வினா குடத்தின் மண்ணைப் பற்றி எழுவதில்லை. மண் எவரையும் ஏமாற்றுவதில்லை. குயவனின் மூச்சை அடைப்பதும் அரிது. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பி கையிலெடுத்த செயற்கைப் பிசினோ அத்தகைய சாதுவான முதற்காரணம் அன்று.

றெசின் என்று பொதுவாக வழங்கும் இப்பிசின் திரவமாக அச்சினுள் ஊற்றப்பட்டு, இரசாயனத் தாக்கத்தால் இறுகித் திண்மமாகிறது. வெண்கலத்தைப் போல உலை வேண்டியதில்லை. பளிங்கைப் போல ஆண்டுக்கணக்கான உளிவேலையும் வேண்டியதில்லை. சலவைக்கல் தூளைக் கலந்தால் சலவைக்கல்லாகவும், உலோகத் தூளைக் கலந்தால் உலோகமாகவும், நிறமியைக் கலந்தால் மனிதத் தோலாகவும் தோற்றந்தரும். தனக்கென ஒரு முகம் இல்லாமையே இதன் ஆற்றல். இதன்மீது சுமத்தப்படும் பழியும் அதுவே.

பழி சுமத்தியோர் சாமானியர் அல்லர். பிரான்குசி கல்லையும் மரத்தையும் நேரடியாகச் செதுக்கிக் காட்டிய வழியில், ஹென்றி மூர் 1930களில் 'பொருளுக்கு உண்மையாயிருத்தல்' என்ற கொள்கையை வலியுறுத்தினார். கல் கல்லாகவே தோன்றவேண்டும். அதைத் தசையின் மென்மையாக நடிக்கச் செய்வது பொய் என்பது அதன் சாரம். இக்கொள்கையை அப்படியே ஏற்போமாயின் பிசின் பிறவிப் பொய்யனாகிவிடும். ஆனால் இது செதுக்குவோனுடைய அறமேயன்றி வார்ப்போனுடைய அறம் அன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. பொலன்னறுவைச் சிவன் கோயில்களிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலத் திருவுருவங்களை எண்ணிப் பார்க்கலாம். அவற்றின் வளைவும் குழைவும் மெழுகிற் பிறந்தவை. மெழுகு உருகி ஓடியபின், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தை வெண்கலம் நிரப்பிற்று. மெழுகின் உருவைத் தாங்கி நிற்கும் அந்த வெண்கலத்தைப் பொய் என்று சொல்ல எவரும் துணியார். வார்ப்புக் கலை தொன்றுதொட்டே ஒரு பொருளின் உடலில் இன்னொரு பொருளின் உருவை ஏற்றும் கலையாகும். மூரும் பிற்காலத்தில் அக்கொள்கையின் இறுக்கத்தைத் தளர்த்தினார். கண்ணாடி நாரிலும் பெரிய சிற்பங்களை ஆக்குவித்தார்.

எனவே பொய் பொருளின் தோற்றத்தில் இல்லை. விற்கும் இடத்தில் அது இருக்கலாம். 'குளிர்வார்ப்பு வெண்கலம்' என்றொரு வழக்கு இத்தொழிலில் உண்டு. வெண்கலத் தூள் கலந்த பிசினை அச்சின் உட்புறத்திற் பூசி, உள்ளீட்டைச் சாதாரணப் பிசினால் நிரப்பி, இறுகியபின் இரும்பு நாரினால் தேய்த்து மினுக்கும் முறை அது. முறையிற் குற்றமில்லை, வெண்கல வார்ப்புக்குப் பணமில்லாத இளஞ்சிற்பிக்கு அது பெரும் வரம் எனலாம். ஆனால் 'குளிர்வார்ப்பு' என்ற அடைமொழி விலைச்சீட்டிலிருந்து எப்படியோ உதிர்ந்துபோய் 'வெண்கலம்' மட்டும் எஞ்சுமாயின், வாங்குவோன் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் ஆவான். சொல்லி விற்றால் கலை, சொல்லாது விற்றால் களவு; இதற்குமேல் இவ்விடயத்தில் ஆராய அதிகம் இல்லை. பிசின் பிசினாகவே நிற்கவும் வல்லது. றேச்சல் வைற்றீட் 2001 இல் இலண்டன் ட்றபல்கர் சதுக்கத்தின் வெறும் பீடத்தின்மீது, அப்பீடத்தின் வடிவத்தையே தெளிந்த பிசினில் வார்த்துத் தலைகீழாக நிறுத்தினார். நீரும் ஒளியும் உறைந்தாற்போன்ற அத்தோற்றத்தைக் கல்லோ வெண்கலமோ தந்திருக்க முடியாது.

ஆராயவேண்டியது வேறிடத்தில் உள்ளது. அதனைக் காணப் பிசின்களின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். சிற்பிகள் பெரிதும் கையாள்வன மூன்று: பொலியெஸ்ரர், எப்பொக்சி, பொலியூரதேன். பொலியெஸ்ரர் மலிவானது, ஸ்ரைரீன் என்னும் ஆவியாகும் திரவத்திற் கரைந்த நிலையில் வருவது. பரவொட்சைட்டு ஊக்கியை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்த்தால் இறுகும். வெப்பமான நாளிலும் தடித்த வார்ப்பிலும் ஊக்கியைக் குறைக்கவேண்டும். தவறினால் தன் வெப்பத்தாலேயே வெடித்துப் பிளக்கும், சிலவேளை புகையும். விரைவுபடுத்தியாகச் சேர்க்கும் கோபாற்றுச் சேர்வையும் பரவொட்சைட்டும் நேரடியாக ஒன்றுசேரின் வெடிவிபத்தே நேரும். எப்பொக்சியின் குணம் மாறுபட்டது. அதில் இரு பகுதிகளும் குறித்த விகிதப்படியே சேரவேண்டும். விரைவில் இறுகட்டும் என்று வன்மையாக்கியைக் கூட்டி ஊற்றுபவனுக்கு என்றுமே முற்றாக இறுகாத ஒட்டற் பண்டம் ஒன்றே மிஞ்சும். சுருக்கம் குறைவு, உறுதி மிகுதி. ஆயின் வெயிலில் மஞ்சளாகும். பொலியூரதேன் சில நிமிடங்களில் இறுகிவிடும். காற்றின் ஈரத்தை ஏற்றால் குமிழி கொள்ளும். எமது நாட்டைப் போன்ற ஈரலிப்பான இடங்களில் அதனைக் கையாள்வோர் இதனை முதல் வார்ப்பிலேயே கண்டுகொள்வர்.

பொறுமையின்மையைப் பிசின் வார்ப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூச்சுக்குச் செய்யும் கேட்டையோ அது உடனே காட்டுவதில்லை. ஸ்ரைரீனின் கடும் மணம் சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். மணம் மறைந்ததெனத் தொழிலாளி நினைக்கும்போது மறைந்தது அவனது எச்சரிக்கையுணர்வு மட்டுமே. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2018 இல் ஸ்ரைரீனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. பொலியூரதேனில் உள்ள ஐசோசயனேற்றுகள் ஒருமுறை உடலைக் கூருணர்வுடையதாக்கிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பப் போதுமானது. எப்பொக்சியின் வன்மையாக்கி தோலிலே அதேவகைத் தீங்கைச் செய்யும்.

நிக்கி த சென் ஃபால் வண்ணமயமான தம் பெண்ணுருவங்களைப் பொலியெஸ்ரரில் ஆக்கினார். 1974 இல் நுரையீரற் சீழ்க்கட்டியால் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மூச்சுக்காகப் போராடி 2002 இல் மறைந்தார். கடைக்குச் செல்லும் பெண்ணையும் களைத்த தொழிலாளியையும் உயிருள்ளோர்போல் வார்த்த டுவேன் ஹான்சன் 1996 இல் புற்றுநோயால் இறந்தார். அவரது பிற்காலச் சிற்பங்கள் சில தோல்போல வர்ணம் தீட்டப்பட்ட வெண்கல வார்ப்புகளாகும். பொருளுக்கு உண்மையாயிருத்தல் என்ற பழைய அளவுகோலின்படி அவை இருமடங்கு பொய். அவற்றை வார்த்தவனின் நெஞ்சைக் கேட்டால் வேறு தீர்ப்பு வரலாம்.

கலைக்காகத் தன்னுடலைப் பணயம் வைப்பது கலைஞனின் சுதந்திரம் அல்லவா என்று வினவுவோர் உளர். அறிந்து ஏற்ற ஆபத்தைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது ஓரளவு ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் பெருஞ்சிற்பங்கள் ஒருவர் கையால் ஆவன அல்ல. பிசினைக் கலப்பவன் ஒருவன். கண்ணாடி நாரை அடுக்கித் தூரிகையால் நனைப்பவன் இன்னொருவன். இறுகிய வார்ப்பை அராவி அதன் தூளைச் சுவாசிப்பவன் வேறொருவன். சிற்பியின் கனவு இவர்களுடையது அன்று. கூலி மட்டுமே இவர்களுடையது. மனிதனை வெறும் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்ற காண்ற்றின் விதி இத்தகைய கூடத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. தூசியைத் தடுக்கும் துணிமுகமூடி ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிப்பான் பொருத்திய கவசம் வேண்டும், காற்றை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும், கையுறை வேண்டும். இவற்றுக்கான செலவைச் சிற்பத்தின் விலையிற் சேர்க்க மறுப்பவன் அதனை வேறொருவரின் நுரையீரலிலிருந்து எடுத்துக்கொள்கிறான். (முகக்கவசம் அணிந்தால் கற்பனை தடைப்படும் என்று சொல்லும் கலைஞரும் உண்டாம். அவர்களது கற்பனை அவ்வளவு மெலிந்ததாயின் வேறு தொழில் பார்க்கலாம்.)

தீங்கு குறைந்த பொருளைத் தெரிந்தால் தீராதா என்பது அடுத்த வினா. பெரும்பாலும் தீரும். 1984 இல் இங்கிலாந்தில் உருவான ஜெஸ்மனைற்று, சாந்துத் தூளும் நீரில் கலந்த அக்றிலிக்கும் சேர்ந்தது, ஸ்ரைரீன் அற்றது. கல்லாகவும் உலோகமாகவும் தோன்றவேண்டிய வார்ப்புகளுக்கு அதுவே போதும். அவற்றுக்குப் பொலியெஸ்ரரைத் தெரிபவன் பழக்கத்துக்காகவோ மலிவுக்காகவோ தெரிகிறான். அது வலிய காரணம் அன்று. ஆனால் ஒளி ஊடுருவவேண்டுமாயின் அது உதவாது. கலிபோர்னியாவில் டிவெயின் வலன்ரைன் கடலையும் வானையும் திண்மமாக்க விரும்பினார். பெரிய பருமனை ஒரே ஊற்றில் வார்க்கும்போது பிளக்காத பொலியெஸ்ரர் ஒன்றை 1966 இல் ஒரு பிளாஸ்ரிக் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கினார். 12 அடி உயரமான அவரது 'சாம்பல் தூண்' 1970களின் நடுவில் அவ்வாறே வார்க்கப்பட்டது. அத்தூண் தரும் அனுபவத்தை வேறெப்பொருளும் தாராது என்பதை மறுக்க முடியாது. அங்கே தெரிவுக்கு ஒரு நியாயம் உண்டு. அதனாலேயே கூடத்தின் காற்றைப் பற்றிய கடமை குறையாமல் கூடுகிறது.

கடமை வருங்காலத்துக்கும் நீள்கிறது. ஈவா ஹெஸ்ஸ 1960களின் இறுதியில் பொலியெஸ்ரர், கண்ணாடி நார், இறப்பர்ப்பால் ஆகியவற்றால் மிகுந்த துணிவுடன் படைத்தவர். மூளைக்கட்டியால் 1970 இல், 34 வயதில் இறந்தார். அந்நோய்க்கும் அவர் கையாண்ட பொருள்களுக்கும் தொடர்புண்டெனச் சிலர் ஐயுற்றனர், அது நிறுவப்படவில்லை. ஆகவே அவ்வையத்தை இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்வது நேர்மையாகாது. அவரிடமிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று. தம் இறப்பர்ப் படைப்புகள் நெடுங்காலம் நிலையா என்பதை அவர் அறிந்திருந்தார். மறைந்த ஆண்டிலே அளித்த நேர்காணலில், அவற்றை வாங்க வருவோரை எண்ணும்போது சிறிது குற்றவுணர்வு தோன்றுவதாகவும், இவை நிலைக்கமாட்டா என்று அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும்போல் இருப்பதாகவும் கூறினார். அழியும் பொருளைத் தெரிய அவருக்கு உரிமை இருந்தது. அதனைச் சொல்லாதிருக்க உரிமை உண்டா என்பதே அவரை உறுத்தியது.

அவர் 1969 இல் ஆக்கிய பெரும்படைப்பு ஒன்றில், பிசினூட்டிய கண்ணாடி நார்க் கம்பங்களுக்கிடையே இறப்பர் பூசிய துணி திரைபோலத் தொங்கும். சுவரில் அதனை விரிக்கவும் சுருக்கவும் கூடியதாக இருந்தது. நியூயோர்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகம் பல்லாண்டுப் பராமரிப்புக்குப் பின் 2022 இல் அதனை மீண்டும் மக்கள் முன் வைத்தது. துணி பழுப்பேறி விறைத்துப்போயிருந்தது. கம்பங்கள் நிமிர்ந்து நின்றன.