கையைக் கீழே போடு

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும் நேரம். மேடையிலிருந்து நாலைந்து வரிசை தள்ளி, தூணோரமாக ஓர் எட்டு வயதுப் பையன் நிற்கிறான். வாசல் வளைவில் ஓடும் சீரியல் விளக்குகளை, விரல்களைக் கண்ணுக்கு முன்னால் விரித்தும் குவித்தும் அந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறான். குதிகால் தரையில் படவில்லை. தொண்டையில் ஒரே சுருதியில் மெல்லிய முனகல். பின்வரிசையில் யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா அவன் விரல்களைத் தன் கைக்குள் பொத்தி மடியோடு அழுத்துகிறாள். "கையைக் கீழே போடு கண்ணா, எல்லாரும் பாக்குறாங்க." கை அடங்குகிறது. சற்று நேரத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறத் தொடங்குகிறான். பந்திக்குக்கூட உட்காராமல் குடும்பம் ஆட்டோ பிடிக்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் கேட்டால், இதே காட்சியை வேறு மண்டபம், வேறு ஊர் வைத்துச் சொல்வார்கள். அந்தத் தாய் அன்பில்லாமல் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கையை நிறுத்தும் உரிமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, தன்னைத்தானே சுற்றுவது, பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தை மட்டும் சுழலவிடுவது, ஒரே விளம்பர வாசகத்தை நாள் முழுக்கச் சொல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் சிறப்பாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் புழங்கும் பெயர் ஸ்டிம்மிங். தன்னைத்தானே தூண்டிக்கொள்வது என்று பொருள். தணித்துக்கொள்வதற்கும் அதுவே வழி என்பது பெயரில் விடுபட்டுப் போயிற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மீண்டும் மீண்டும் செய்யும் அசைவுகளை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதையும் அதே பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மண்டபத்துப் பையனின் விரல்கள் விளங்கும். மேளம் எப்போது உச்சத்துக்கு ஏறும், எந்த உறவினர் எப்போது கன்னத்தைக் கிள்ளுவார், மைக் எப்போது கீச்சிடும் என்பதெல்லாம் அவன் கையில் இல்லை. கண்முன் அசையும் விரல் ஒன்றுதான் அவன் நினைத்தபோது வந்து, நினைத்தபோது போகிறது.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? போனில் பேசும்போது நடக்காமல் பேச முடியாதவர்கள் எத்தனை பேர்! காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது என்று பாட்டி அதட்டாத வீடு உண்டா? மார்கழியில் சபாவுக்குப் போனால் முன்வரிசை முழுக்கத் தொடையைத் தட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ரசனை என்று பெயர். ஆனால் இதைச் சொல்லி, எல்லாரிடமும் கொஞ்சம் ஆட்டிசம் உண்டு என்று முடித்துவிடுவதும் தவறு. பரீட்சை எழுதும்போது சுழற்றுகிற பேனாவைப் பிடுங்கினால் மாணவன் இன்னொரு பேனா எடுத்துக்கொள்வான். மண்டபத்துப் பையனுக்கு இன்னொரு கை இல்லை.

நிறுத்தப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 2019-இல் ஸ்டீவன் கேப் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கட்டுரை வெளிவந்தது. அசைவு தங்களை நிதானப்படுத்துகிறது, பொங்கி வரும் உணர்ச்சிக்கும் ஓடும் எண்ணத்துக்கும் வடிகாலாகிறது என்றார்கள் அவர்கள். அதை ஒழிக்கும் சிகிச்சைகளை எதிர்த்தார்கள். அவர்களை வருத்தியது அசைவைவிட, அதைப் பார்க்கிறவர்களின் பார்வைதான். அதற்கு எட்டு ஆண்டு முன்னதாக, 2011-இல், ஜூலியா பாஸ்கம் என்ற அமெரிக்கப் பெண், சிறுவயதில் தன் கைகள் அழுத்திப் பிடிக்கப்பட்டதைப் பற்றி எழுதினார். 'அமைதியான கைகள்' என்பது அந்நாட்டு வகுப்பறைகளில் அன்றாடக் கட்டளை. நம் பள்ளிகளுக்கும் இது புதிதல்ல. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று இரண்டாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். பேச்சு வராத பிள்ளையிடம் முதல் பாதியைச் சொன்னாலே போதும், இரண்டாம் பாதியும் நிறைவேறிவிடும். மகிழ்ச்சிக்கு ஓர் உதறல், பயத்துக்கு வேறொரு உதறல், வயிற்றுவலிக்கு மற்றொன்று என்று பிரித்தறிந்த தாய்மார்கள் உண்டு. எல்லா உதறலையும் அடக்கிவிட்டால் பிறகு அவர்கள் எதைப் பார்த்து அறிவார்கள்?

அடக்கும் முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது இனிமையானதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1965-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்து வயது இரட்டைப் பையன்களை மின்சாரம் பாயும் தரையில் நிறுத்திப் பழக்கினார். நிறுத்த நினைத்தவற்றில் ஸ்டிம்மிங்கும் ஒன்று. 1987-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. அதில் மின்சாரம் இல்லை. வேறெதற்கும் அசையாதபோது கடைசி ஆயுதமாக உரத்த அதட்டலும் தொடையில் ஓர் அடியும் இருந்தன. இன்று பெரும்பாலான தெரபி நிலையங்களில் அடி போய் மிட்டாயும் ஸ்டிக்கரும் வந்துவிட்டன. நல்ல மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விவாதம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது: வழி மென்மையாகிவிட்டதா, ஆகிவிட்டது, சரி. எதற்காக அந்த வழி என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் அசைவை மிட்டாய் கொடுத்து விலைக்கு வாங்குவது எந்தக் கணக்கில் சிகிச்சை ஆகும்?

பெற்றோர் தரப்பு வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிப்பது நியாயமல்ல. எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் என்பதுதான் அதன் அடி. இன்று எட்டு வயது, பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். இருபத்தெட்டு வயதில் பேருந்து நிறுத்தத்தில் கையை உதறிக்கொண்டு நின்றால், குடித்திருக்கிறான் என்று நினைத்து அடித்தால்? உலகம் கடுமையானது, அதற்குத் தக்கபடி பிள்ளையைத் தயார்செய்வது எங்கள் கடமை என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு ஊர் செய்யப்போகும் கொடுமைக்கு அஞ்சி, அதில் ஒரு பங்கை இன்றே வீட்டில் செய்துவைப்பது பாதுகாப்பாகுமா? ஆட்டிசத்தை மறைத்து வாழ்கிறவர்களிடையே கடும் சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அடக்கிய அசைவு காணாமல் போவதும் இல்லை. கை உதறல் நின்ற சில நாளில் சட்டைக் காலர் கடிபடத் தொடங்கும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரியவர் பிடித்தால் உன் கை உனதல்ல என்று ஆயிரம் முறை பழகிய பிள்ளைக்கு, ஒருநாள் தகாத கை ஒன்று நீளும்போது மறுக்கத் தெரியுமா?

இடக்கையால் எழுதிய பிள்ளைகளின் விரல்முட்டியில் ஸ்கேலால் அடித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அன்றும் சொன்ன காரணம் பிள்ளையின் எதிர்காலம்தான். பெண் கொடுக்க மாட்டார்கள், பந்தியில் மானம் போகும் என்றார்கள். இன்று வங்கியில் ஒருவர் இடக்கையால் கையெழுத்துப் போட்டால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் கை மாறவில்லை, பார்க்கிற கண் மாறியது.

சரி, கண் மாறும்வரை அந்தத் தாய் காத்திருக்க முடியுமா? அடுத்த முகூர்த்தம் இந்த மாதக் கடைசியில். அவளால் செய்யக்கூடியவை சிறியவை. பின்வரிசையில் திரும்பிப் பார்த்தவரிடம், அவனுக்குச் சத்தம் தாங்காது, அதனால் இப்படிச் செய்கிறான் என்று ஒரு வரி சொல்லலாம். காதை மூடும் ஹெட்போன் போடலாம். மேளம் ஓயும்வரை வாசலில் நிற்கலாம். பையன் வளர்ந்து புரிந்துகொள்ளும் வயதில், சிலர் முறைப்பார்கள், எங்கே செய்வது எங்கே அடக்குவது என்பது உன் முடிவு என்று சொல்லித் தரலாம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒரு மணி நேரம் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்ள ஒரு பெரியவர் தானாக முடிவெடுப்பதும், விவரம் தெரியாத வயதில் பிறர் அதைப் பிடுங்கிக்கொள்வதும் ஒன்றல்ல.

தலையைச் சுவரில் மோதுவது, மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைப்பது ஆகியவற்றின் கதை வேறு. அங்கே தடுக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. தலையணையோ கையோ எது கிடைத்தாலும் குறுக்கே வைக்க வேண்டும். ஆனால் தடுத்ததோடு வேலை முடிவதில்லை. சொல்லத் தெரியாத பல்வலி, காதில் சீழ், நாள்பட்ட மலச்சிக்கல் என்று காரணம் பலசமயம் உடம்புக்குள் இருக்கும். பல் மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளையை நடத்தைப் பயிற்சிக்கு அனுப்புவது எல்லாத் தவறுகளிலும் கொடியது. தீங்கு என்ற சொல் எவ்வளவு எளிதில் வீங்கும் என்பதற்கு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் சாட்சி. தன்னைக் காயப்படுத்திக்கொள்வோருக்கும் பிறரைத் தாக்குவோருக்கும் என்று சொல்லி வைத்திருந்த மின்னதிர்ச்சிக் கருவி, 2002-இல் அங்கே ஓர் இளைஞர் மேல்கோட்டைக் கழற்ற மறுத்ததில் தொடங்கி, ஒரே நாளில் அவர்மீது 31 முறை பாய்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் அந்தக் கருவியைத் தடை செய்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

இதைவிடச் சிக்கலானது ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இருப்பது. ஒருத்திக்கு முனகாமல் உட்கார முடியாது. பக்கத்து மேசைப் பையனுக்கு அந்த முனகல் காதில் ஆணி அறைவது போல. இருவருக்கும் ஆட்டிசம், இருவர் பக்கமும் நியாயம். இங்கே ஏதோ ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. மேசையை நகர்த்தலாம், நேரத்தைப் பிரிக்கலாம், அவளை அரைமணிக்கொருமுறை மைதானத்துக்கு அனுப்பலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு ஒப்பான ஏற்பாடு அது. டிவி பார்ப்பதிலிருந்து அவரைக் குணப்படுத்திவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உடலையும் மனத்தையும் முழுமையோடு மதிக்க வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. கொடுமையான, இழிவுபடுத்தும் நடத்தையிலிருந்து அவர்களைக் காக்கும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அரசின்மீது சுமத்துகிறது. மடியோடு அழுத்தும் தாயின் கையைச் சட்டம் எட்டிப் பார்க்காது, பார்க்கவும் வேண்டாம். அங்கே வேண்டியது ஊரின் பொறுமை.

ஆட்டிசத்தை விவரித்த மனநல மருத்துவர் லியோ கானரின் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் முதல் குழந்தை, மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். கிடைத்ததையெல்லாம் சுழலவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவர். வளர்ந்து உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார். வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்துடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரின் பொறுமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 2023-இல், 89-ஆம் வயதில் காலமானார். முதுமையிலும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். பந்தை அடிக்கும் முன் விரல் நுனிகளை நக்கிக்கொள்வார், மட்டையை மேலும் கீழும் பலமுறை ஆட்டுவார். கூட ஆடியவர்கள் அது முடியும்வரை நின்றார்கள். பிறகு அவர் அடித்தார்.