வெப்பமும் ஆணவமும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பின்னும் நிலைத்திருக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில், உபயதாரர் பட்டியலும் திருவிழாக் கணக்கும் இன்று கணினியில் ஏறிவிட்டன. அவ்வாறு சந்நிதிக்கருகே வைக்கப்பட்ட கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், செயலியின் வெப்பத்தை வாங்கும் செப்புக் குழாய்களைச் சூழ்ந்த மெல்லிய தகடுகளின் இடுக்கிலெல்லாம், கற்பூரக் கரியும் திருநீற்றுத் துகளும் சாம்பிராணிப் பிசுக்கும் கம்பளிபோல் படிந்திருக்கக் காணலாம். காற்றாடி சுழலும், காற்று நுழையாது. சூடு 100 பாகையை நெருங்கவே செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பரிகாரம் அரிதன்று. முன்புறக் காற்றாடி வெளிக்காற்றை உள்ளிழுக்க, பின்புறத்ததும் மேற்புறத்ததும் சூடேறிய காற்றை வெளித்தள்ள, குறுக்கே கிடக்கும் ஒயர்களை ஒதுக்கிக் கட்டி, உட்புகும் காற்று வெளியேறுவதினும் சற்று மிகுமாறு அமைத்து, நுழைவாயிலில் வலையும் இட்டுவிட்டால், இடுக்குகளின் வழியே தூசி உறிஞ்சப்படுவது பெரும்பாலும் நின்றுவிடும். உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகவும் தடவவேண்டும். எனினும், எத்தனை காற்றாடி பூட்டினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே செயலியை இறக்க முடியாது. மலாக்காவின் நண்பகலோ 32 பாகையை எட்டுவது.

இத்தனை உபாயங்களாலும் வெப்பம் அணுவளவேனும் நாசமாயிற்றா என்று வினவினால், இல்லை என்பதே பௌதிக சாஸ்திரத்தின் விடை. வழி திறந்தோம், அது நகர்ந்தது, அவ்வளவே. சைவ சித்தாந்திகளான மெய்கண்டார் மரபினர், உயிரை அநாதியாக மறைத்துநிற்கும் ஆணவ மலத்தைக் குறித்துக் கூறுவதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அநாதியான பொருளுக்கு நாசமில்லையாதலின், முத்தியிலும் அம்மலம் அழிவதில்லை, அதன் சக்தியே மடங்கும் என்பது அவர்தம் துணிபு. முத்தியைக் குறையெல்லாம் துடைத்த வெறுமையாக எண்ணி ஏங்குவோர்க்கு இது ஏமாற்றமளிக்கலாம். எனக்கோ இதில் பெரும் நியாயம் தோன்றுகிறது. மாரியம்மனுக்குக் கூழும் வேப்பிலையும் மஞ்சள்நீரும் படைப்போர், அன்னையின் உக்கிரம் தணியவேண்டுமென்று வேண்டுகின்றனரேயன்றி, அது ஒழியவேண்டுமென்று எவரும் வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. பெட்டியை விட்ட வெப்பம் அறையைச் சேர்கிறது. அறைக்கு ஏர்கோன் பூட்டினால், தன் உழைப்பின் சூட்டையும் சேர்த்து அதனை அது சுவருக்கப்பால் தள்ளுகிறது. மலாக்கா நகரின் ஜோங்கர் தெருவிலுள்ள பழைய நீள்வீடுகள் நடுமுற்றத்தைத் திறந்துவைத்துத் தம் புழுக்கத்தை வானுக்கு விட்டன. நாம் அடுத்த வீட்டுச் சன்னலுக்கு விடுகிறோம். மலசக்தி மடங்குவதோ பிறர் தலையில் ஏற்றப்படுவதன்று. ஒருவர் வினையை மற்றொருவர் நுகர்வதும் சித்தாந்திகளுக்கு உடன்பாடன்று. நாம் குளிரப் பிறர் புழுங்கும் இச்செயலைத் தணிப்பென்பதா, புதிதாக ஈட்டும் வினையென்பதா என்பதை, அலுவலறைக்கு இரண்டாவது ஏர்கோன் வாங்கத் தீர்மானம் வரும்போதாவது கோயில் நிர்வாகத்தார் ஆலோசிக்கலாம்.