பாட்டியின் கண் உனக்கும் உண்டு

அடி அண்ணாமலைத் தம்பியே, தங்கையே! எங்கெங்கிருந்தோ வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர்கள் உங்கள் ஊர் ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டுப் போகிறார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த நீயோ, "எனக்கு என்ன தெரியும்?" என்கிறாய். அந்தப் பேச்சை இன்றோடு விடு!

மழை விட்டதும் வரப்போரம் குனிந்து கீரை பறிக்கிறாளே உன் பாட்டி, அவள் ஆரைக்கீரையையும் புளியாரையையும் ஒருநாளாவது மாற்றிப் பறித்ததுண்டா? நாலு இலை ஆரை, மூணு இலை புளியாரை. புளியாரை மஞ்சளாகப் பூக்கும். ஆரை பூக்கவே பூக்காது, ஏனென்றால் அது பெரணி இனம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளின் கண்ணுக்கு இது தெரிகிறது. அந்தக் கண் உனக்கும் உண்டு.

அந்தக் கண்ணோடு ஒரு வண்ணமீன் கடைக்குப் போ. மீன்தொட்டியில் வளர்க்கும் பெரணி ஒன்று, ஜாவா ஃபெர்ன். அந்த ஒரே பெயரில் எத்தனை வகை! இலை நுனி மான்கொம்பாகக் கிளை பிரிந்தால் அது விண்டலோவ். டென்மார்க்கில் ட்ராபிகா நிறுவனத்தைத் தொடங்கிய ஹோல்கர் விண்டலோவின் பெயர். இலையின் பக்கங்களில் விரல் விரலாகப் பிரிந்தால் ட்ரைடென்ட். பிரியாமல் ஒல்லியாக நீண்டால் நேரோ லீஃப். இறகு போலப் பிளந்து, கரும்பச்சையாக, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய இலையா? அது ஜாவாவே இல்லை, ஆப்பிரிக்காவின் போல்பிடிஸ்.

நானும் தோற்றுத்தான் கற்றேன். ஜாவா ஃபெர்னின் கிடைத்தண்டை மணலில் புதைத்தேன், அழுகிவிட்டது. அதைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். இன்னொரு முறை இலையடியில் கரும்புள்ளிகளைக் கண்டு, நோய் என்று கிள்ளி எறிந்தேன். அவைதாம் அதன் வித்துத்தூள் பைகள்! நல்ல செடியைக் கையாலேயே அழித்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த இலையையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். தொட்டியின் தரையில் பச்சைப் பாயாகப் படர விடுவதற்கு ஆரையின் உறவுக்காரச் செடி ஒன்றை விற்கிறார்கள், மார்சீலியா ஹிர்சூட்டா. ஆஸ்திரேலியாச் செடி. நீருக்குள் மூழ்கியதும் அது பெரும்பாலும் ஒற்றை இலையாகவே விடும். நாலு இலையை மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கே ஏமாறுவான். தண்டு ஊர்வதையும் கணுவில் வேர் விடுவதையும் பார்த்தவன் ஏமாற மாட்டான். பார், மறுபடி பார்!

பட்டம் இல்லையே என்கிறாயா? ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1848-ல் சென்னைப் பட்டாளத்துக்கு வந்தபோது வயது பதினெட்டு. அந்தச் சிப்பாய் அதிகாரி காடு காடாக அலைந்து, 1863-ல் தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூலை 271 படத்தகடுகளோடு வெளியிடத் தொடங்கினார். அவர் வெளிநாட்டுக்காரர் என்பாய். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் நம்மவர்கள்தாமே? மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்கு 1992-ல் நூல் தந்தார்கள்.

உனக்குள் இருக்கும் அந்தக் கண்ணும் ஆரையைப் போலத்தான். குளம் வற்றினாலும் ஆரை சாவதில்லை. சிறு பயறு போன்ற அதன் கெட்டியான வித்துத்தூள் உறை வருடக்கணக்கில் காய்ந்த மண்ணில் கிடக்கும். நீர் ஊறி உறை திறந்தால் முளைக்கும்.

அடுத்த மழை விட்டதும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போ. முதல் பக்கத்தில் ஆரையையும் புளியாரையையும் அருகருகே வரை. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போ.