குனிந்த முதுகுகளின் நிலம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகும் சாலையில் எல்லா வண்டிகளும் நின்று போகும் ஓரிடம் உண்டு. கீழே படிப்படியாக வயல்கள், நடுவே ஊர், மேலே மேகம். ‘என்ன அமைதி!’ என்று நானும் அங்கே நின்று சொல்லியிருக்கிறேன். புள்ளிகளாகத் தெரிந்தவர்கள் பூண்டு வயலில் களையெடுத்த பெண்கள். அப்படியானால் அந்த அமைதி யாருடையது?

19ஆம் நூற்றாண்டு டச்சு நிலக்காட்சிகளிடமும் இதைக் கேட்கலாம். ஹேக் குழு ஓவியர்களைச் சாம்பல் குழு என்றே அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டன் மௌவ் வரைந்த மங்கிய வானமும் ஆட்டு மந்தையும் நமக்குள் இதமானதொரு சோகத்தை எழுப்புகின்றன. வரவேற்பறைச் சுவருக்குப் பொருந்தும் சோகம் அது. மந்தையோடு நடப்பவருக்கு என்ன வலி என்று அது கேட்பதில்லை.

அவரிடம் சில வாரங்கள் பயின்ற வான்கோ, 1885 கோடையில் நூனன் கிராமத்தில், மண் கொத்தும் பெண்களை அருகில் போய் வரைந்தார். தாளை நிறைப்பது குனிந்த முதுகு. படத்தின் மனநிலை வானத்திலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் தலைப்பில் அவள் வெறும் ‘உழவர் பெண்’, பெயர் இல்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மனித உணர்வை உரிப்பொருள் என்றது. உணர்வு இல்லாத நிலம் நம் மரபில் இல்லை. குறிஞ்சியின் தினைப்புனத்தில் நிற்கும் பெண்ணுக்கு ஆசையும் அச்சமும் உண்டு. ஆனால் அங்கே கிளி ஓட்டுவது காதலுக்கான சாக்கு, உழைப்பு பின்னணியாகிவிடுகிறது. டச்சு ஓவியத்தில் உடல் இருக்கிறது, மனம் இல்லை. நம் பாட்டில் மனம் இருக்கிறது, கைக்காப்பு இல்லை.

அப்படியானால் அழகை ரசிப்பதே குற்றமா? இந்தக் குற்றவுணர்வோடுதான் ஒருமுறை வயலுக்கு இறங்கினேன். ‘மேகம் இறங்கினா எங்களுக்கு அழகு, உங்களுக்குப் பூண்டு நனையும், இல்லையாக்கா?’ என்றேன். அவர் சிரித்தார்.

‘நனையும்தான். அதுக்காகப் பாக்காம இருப்போமா? சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வரப்புல உக்காந்து நாங்களும் பாப்போம்.’

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய உழைப்பை மதிப்பதாக நினைத்து, அவருக்கும் கண் உண்டு என்பதை மறந்திருந்தேன். அவரை வெறும் முதுகாக வரைந்தது வான்கோ மட்டுமல்ல, நானும்தான்.

அந்தப் படிகளை வெட்டியதும் காப்பதும் அவர்களைப் போன்றவர்களின் கைகள். அழகு என்று நான் பார்த்தது அவர்களின் வேலையை. அதை ரசிப்பதில் தவறில்லை. ரசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான் என்று நினைத்ததில்தான் தவறு.