பள்ளி வெளியேற்றிய பிள்ளையை வீடும் வெளியேற்றலாமா?





ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் "இனி வரவேண்டாம்" என்று அனுப்பிவிட்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? இதை மிம்பரில் பேச வேண்டிய அவசியம் இருக்கிறது. அப்படி வீட்டுக்கு வந்த பையன் ஒரு மாதம் சும்மா இருந்தால், அடுத்த மாதம் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் பிடிக்கிறான். பெண்பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். படிப்பு அத்தோடு முடிந்துவிடுகிறது.

2022 மே மாதம் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், அதற்கான காரணம் சான்றிதழிலேயே எழுதப்படும் என்றார். ஆசிரியரை அவமதிப்பதை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் பதினைந்து வயதில் எழுதப்படும் அந்த ஒரு வரி, அந்தப் பிள்ளையை எத்தனை வருடம் துரத்தும்?

நபி (ஸல்) அவர்களிடம் ஓர் இளைஞர் வந்து, விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டார். சபையில் இருந்தவர்கள் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அவரைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு இது நடப்பதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்தச் செய்தி இருக்கிறது. கேட்டது பெரும் பாவம். ஆனாலும் நபியவர்கள் அந்த இளைஞரைச் சபையை விட்டுத் துரத்தவில்லை.

ஆகவே, முதல் வேலை வீட்டில் இருக்கிறது. பெல்ட்டை எடுக்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்: என்ன நடந்தது? யார் தொடங்கியது? முன்பு யாராவது உன்னைத் துன்புறுத்தினார்களா? பிள்ளை மீது தவறு இருந்தால், நீங்களே அழைத்துச் சென்று ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வையுங்கள். தவறு இல்லை என்றால், அவன் பக்கம் உறுதியாக நில்லுங்கள்.

இரண்டாவது வேலை, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் இருப்பது. "நீங்களே எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு நல்லது" என்பார்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நீங்களாக நிறுத்தியதாகத்தான் பதிவாகும். நீக்குவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பேச்சில் உறுதியாக இருப்பவர்கள் எழுத்து என்றதும் யோசிப்பார்கள்.

மூன்றாவது, சட்டத்தைத் தெரிந்துகொள்வது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 17-வது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லி அடுத்த பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5-வது பிரிவு. தலைமை ஆசிரியரிடம் தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே காஞ்சிபுரத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசலாம். மனுவின் நகலும் ரசீதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆனால் வழி அடைபடவில்லை. பக்கத்து மாநிலமான கேரளாவில் 1985-இல் தேசிய கீதம் பாடவில்லை என்பதற்காக ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த 3 பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். மார்க்க நம்பிக்கையால் பாடவில்லை, அவ்வளவுதான். உயர் நீதிமன்றத்தில் தோற்றும் தகப்பன் விடவில்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. செலவுக்கு எங்கே போவது என்று கலங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

வழக்கு நடக்கட்டும், படிப்பு காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்து அரசுப் பள்ளியில் சேருங்கள். முடியாவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ தனித்தேர்வராகவோ பத்தாம் வகுப்பு எழுதலாம். எட்டு முடித்தவர்களுக்கும் ஐ.டி.ஐ.யில் சில தொழிற்பிரிவுகள் உண்டு.

பள்ளிக்கூடம் நடத்துகிற நம் சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுபான்மையினரின் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கேட்காத இடத்தில் அல்லாஹ் கேட்பான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, முஹல்லாவின் கடமை. நம் உத்திரமேரூரின் சோழர் காலக் கல்வெட்டை ஊரார் அனைவரும் அறிவோம். கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினர் மட்டுமல்ல, அவருடைய தகப்பன், மகன், மருமகன் வரை யாரும் குடவோலைக்கு நிற்க முடியாது என்கிறது அது. பொதுச்சொத்தைக் கையாளும் பதவிக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தலாம். படிக்கிற பிள்ளையின் விஷயத்தில் நாமும் அதே போல நடந்தால் எப்படி? ஒரு பையன் நீக்கப்பட்டான் என்றால் அவனுடைய தங்கையையும் பேசுகிறோம், தாயையும் பேசுகிறோம். ஒருவர் சுமையை இன்னொருவர் மீது ஏற்றக் கூடாது என்பதல்லவா குர்ஆனின் போதனை? பேசுவதற்குப் பதிலாக, படித்தவர் ஒருவர் அந்தத் தகப்பனோடு கல்வி அலுவலகம் வரை போய் வாருங்கள். மனு எழுதத் தெரியாத தாய்க்கு எழுதிக் கொடுங்கள். அதுவும் ஸதகாதான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வியிலிருந்து துண்டித்துவிடாதே. கோபத்தில் அவர்களைக் கைவிடாத பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.