உண்ணாமை எப்போது நோன்பாகும்?

சென்ற ஆண்டு தசலட்சணப் பருவத்தின் நிறைவு நாளன்று, நம் பகுதி ஜினாலயம் ஒன்றில் விரதம் நோற்றவர்களைப் பாராட்டும் நிகழ்ச்சி நடைபெற்றது. பத்து நாள்களும் ஒருவேளை உணவுடன் இருந்த பெரியவர்கள், இடையிடையே உபவாசம் காத்த சிராவகியர் எனப் பலர் மேடைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். பத்து நாள்களில் ஆறு நாள்கள் வெந்நீர் மட்டுமே அருந்தியிருந்தாளாம். "இந்த வயதில் இத்துணை மனத்திட்பமா!" என்று அவை வியந்தது. அவளைப் புகழ்ந்து பேசியவர்களுள் நாமும் ஒருவர்.

மூன்று திங்கள் சென்றபின் அப்பெண் பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. பருவம் முடிந்தும் அவள் விரதம் முடியவில்லை. "ஆயா, இன்று எனக்கு உபவாசம்" என்று வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் சொல்வாள். பேத்தியின் பக்தியைக் கண்டு பாட்டி அகமகிழ்ந்து போவார். மற்ற நாள்களில் பள்ளிக்குக் கொண்டு சென்ற உணவு பெரும்பாலும் தோழியருக்கே போயிற்று. மாதவிலக்கு நின்று இரண்டு மாதங்களாகியிருந்தன. அதையும் அவள் தாயிடம் சொல்லவில்லை. மருத்துவர் பொறுமையாகக் கேட்டபோது, வகுப்பில் தன்னைக் 'குண்டு' என்று அழைத்ததையும், ஒரு திருமண வீட்டில் உறவினர் பலர் முன்னிலையில் தன் உடம்பைக் குறித்து நகைத்ததையும், கைப்பேசியில் காணும் படங்களோடு தன்னை ஒப்பிட்டு ஒப்பிட்டு மனம் வெதும்பியதையும் கூறி அழுதாளாம். வெறுமனே உணவை மறுத்தால் வீட்டில் வற்புறுத்துவார்கள். நோன்பு என்றால் எவரும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். அதைத் தான் கண்டுகொண்டதாக அவளே ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு வினா நம்மை விடவில்லை. ஓர் இல்லத்தில் பாட்டியும் உண்ணவில்லை, பேத்தியும் உண்ணவில்லை. இருவர் தட்டும் வெறுமையாகவே இருக்கிறது. பாட்டியினது தவம் என்கிறோம். பேத்தியினதை என்னவென்று சொல்வது?

புறத்தவம் ஆறனுள் உண்ணாமையை முதலாவதாக வைத்தது நம் ஆகமம். ஆனால் விரதி யார் என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் தரும் இலக்கணம் உணவைப் பற்றியதே அன்று. சல்லியம் நீங்கியவனே விரதி என்கிறார் அவர். சல்லியமாவது உள்ளே தைத்துக்கிடக்கும் முள். மாயை, மித்தியாத்துவம், நிதானம் என அது மூவகைப்படும். மாயையாவது வஞ்சனை, உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுதல். நிதானமாவது நோன்பின் பயனாக உலக இன்பத்தை, அழகை, செல்வத்தை அவாவுதல். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மெலிந்த உடல் வேண்டுமென்று விரும்பி, அதைப் பிறரிடம் மறைத்து உண்ணாதிருந்த அச்சிறுமியின் செயலில் முட்கள் இரண்டும் இருக்கின்றன. அது பட்டினி. விரதம் என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நம் மூத்தவர் ஒருவரே அதை எழுப்பினார். "நாமெல்லாம் சிறுவயதில் எதற்காக உபவாசம் இருந்தோம்? ஊரார் பாராட்டுவார்கள், மறுநாள் பாரணைக்கு இனிப்புக் கிடைக்கும் என்றுதானே? நோக்கம் பின்னால் தூய்மை பெறவில்லையா? அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகாதா?" என்றார். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. நாமும் அப்படி இருந்தவர்களே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று நாம் பாரணைக்காக விடியலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். பசியோடும் மகிழ்ச்சியோடும் உண்டோம். அச்சிறுமியோ பாரணையைக் கண்டு அஞ்சினாள். உண்ட ஒவ்வொரு கவளத்துக்கும் தன்னை நொந்துகொண்டாள். உணவின்மேல் கொண்ட பற்று குறைவதற்காகச் செய்வது தவம். அவள் மனத்திலோ இரவும் பகலும் உணவைத் தவிர வேறெதுவும் இல்லை. இதனை மருத்துவ நூலார் நோய் என்றே வகுத்துள்ளனர். அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் 1873-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இடப்பட்டது. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக நேரும் நோய்களில் அதுவும் ஒன்று. நோயுற்ற குழந்தையை வஞ்சகி என்று ஏசுவது முறையன்று. முள் அவளுள் இருந்தது உண்மை. அதைத் தைத்த கைகள் வேறு.

உடலை மெலிவிப்பதைத்தானே நம் சமயம் சல்லேகனை என்று போற்றுகிறது எனச் சில இளைஞர் கேட்பதுண்டு. இவ்வையம் நீங்க வேண்டும். இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர சுவாமிகள் சல்லேகனைக்குரிய காலத்தைத் தெளிவாக வரையறுத்திருக்கிறார். விலக்க இயலாத பேரிடர், பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியவை வந்து, இவ்வுடல் இனி அறத்துக்குத் துணையாகாது என்னும் நிலையிலேயே அது பொருந்தும். பதினாறு வயது உடல் அறத்துக்கு எல்லா வகையிலும் துணை நிற்கவல்ல உடல். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடல். ஐம்பொறிகள், மனம் சொல் காயம் என்னும் மூவாற்றல்கள், உயிர்ப்பு, ஆயுள் எனப் பிராணன்கள் பத்து. பிரமாதத்தோடு கூடிய செயலால் இவற்றுக்குக் கேடு சூழ்தலே இம்சை. அக்கேடு பிறர்க்குச் செய்தால் மட்டுமே இம்சை என்று யாரும் விதிவிலக்குத் தரவில்லை. கஷாயத்தின் வயப்பட்டவன் முதலில் தன்னையே கொல்கிறான் என்பது அமிர்தசந்திர சூரிகளின் கருத்து. எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் எலும்பு தேய்வதைக் காணாதிருந்தோம்.

உடலழகு பற்றிய கவலைக்கு நம் நூல்களில் மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தவறாகக் கொடுத்து வருகிறோமோ என்று ஐயுறுகிறோம். நாலடியாரில் தூய்தன்மை அதிகாரமும், பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அசுசி பாவனையும் உடலின் தூய்மையின்மையை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. உடல்மேல் கொண்ட மயக்கம் தெளிய வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். வெறுப்பை வளர்ப்பது அன்று. இராகமும் துவேஷமும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் அல்லவா? கண்ணாடி முன் நின்று தன் இடையை மெச்சுபவளும், அதே கண்ணாடி முன் நின்று தன் இடையை வெறுப்பவளும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகிச்சை என்னும் அருவருப்பின்மை மூன்றாவது. நோயுற்ற முனிவராக வந்தவர் தம்மேல் வாந்தியெடுத்தபோதும் முகம் சுளிக்காது பணிவிடை செய்த உத்தாயன மன்னன் கதையை ஒவ்வொரு பாடசாலையிலும் சொல்கிறோம். பிறர் உடலை அருவருக்காதே என்று கற்பித்த நாம், உன் உடலையும் அருவருக்காதே என்று ஒருநாளேனும் சொன்னதுண்டா?

உடலின் அமைப்பு நாமவினையின் பயன். சமசதுரம் முதல் உண்டகம் வரை சம்ஸ்தானங்கள் ஆறு என்று நூல்கள் பகுத்துள்ளன. எல்லோரும் ஓரச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். பிறர் உருவத்தைப் பழித்து நகைப்பது நீச கோத்திர வினைக்கு வாயில். திருமண வீட்டில் நகைத்த உறவினர் இரவில் உண்ணாதவர், அட்டமி தவறாதவர் என்று கேள்விப்பட்டோம். வருத்தத்தோடு இதை எழுதுகிறோம்.

சிரவணபெளகொளத்தில் கி.பி. 981-இல் எழுந்த 57 அடி உயர பாகுபலியை நம் குழந்தைகள் பலமுறை கண்டிருப்பர். ஓராண்டு உண்ணாது நின்றவர் அவர். கொடி படர்ந்திருக்கிறது, புற்று எழுந்திருக்கிறது. ஆனால் தோளோ மார்போ மெலியவில்லை. எந்த ஜின பிம்பத்திலும் எலும்பு தெரியும் மேனியை நம் சிற்பிகள் வடித்ததில்லை. மெலிவை அவர்கள் தவத்தின் அடையாளமாகக் கொள்ளவில்லை போலும். ஆதிபுராணம் இன்னொன்றும் சொல்கிறது: ஓராண்டுத் தவத்துக்குப் பின்னும், தம்மால் பரதன் துன்புற்றானே என்னும் சிறு எண்ணம் உள்ளத்தில் இருந்தவரை கேவலஞானம் தாமதித்தது. அத்தனை பெரிய தவத்துக்கே ஒரு சிறு முள் தடையாயிற்று.

இனி அடுக்களைக்கு வருவோம். தவத்தைச் 'சக்திக்கேற்ப' செய்க என்பது பதினாறு பாவனைகளுள் ஒன்று. வளரும் பருவத்தின் சக்தியும் தேவையும் என்ன? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பதின்வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச்சத்தும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். நம் இல்லங்கள் அதற்கு விலக்கு என்று எண்ண இடமில்லை.

நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளியில் உணவு. பின்னர்ச் சிறப்பு வகுப்பு, தனிப்பயிற்சி. வீடு திரும்பும்போது மணி ஏழு, பொழுது சாய்ந்துவிட்டது. இரவுண்ணாமை காக்கும் பிள்ளை அப்படியே படுக்கிறது. காலையில் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் அரை இட்டிலி. ஏறத்தாழ பத்தொன்பது மணிநேரம் ஒன்றுமில்லை. எவரும் அதை நோன்பு என்றுகூட அறிவிக்கவில்லை! நெறியைக் கைவிட வேண்டியதில்லை. மாலை ஐந்தரைக்குள் உண்பதற்கென இரண்டாவது டப்பா ஒன்று கொடுத்தனுப்பினால் போதும். கேழ்வரகு அடை, கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, எள்ளுருண்டை, வேர்க்கடலையும் வெல்லமும் என்று நம் பாட்டிமார் அறியாதது எதுவுமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கீரை, பயறுகளோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்செல்லும். உணவோடு காபி, தேநீர் அருந்தினால் தடைப்படும். புலாலும் முட்டையும் கொள்ளாத நமக்கு பி12 உயிர்ச்சத்து பால், தயிர், மோரிலிருந்தே வரவேண்டும். 'கொழுப்பு' என்று அஞ்சிப் பாலை விலக்கும் பெண்கள் இதை அறிதல் நலம்.

உடல் உண்மையாகவே மிகுந்த பருமன் கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அவமோதரியம் என்னும் குறையுண்டி நல்ல வழி. முனிவர்க்குரிய நூல்கள் ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என நிறையுணவை வகுத்து, அதிலிருந்து ஒரு கவளம் குறைப்பதையே அவமோதரியத்தின் தொடக்கமாகக் கொள்கின்றன. கடைப்பாக்கெட்டு வறுவலையும் இனிப்புப் பானத்தையும் நிறுத்தி, மாலையில் ஓடியாட விட்டாலே பெரும்பாலோர்க்குப் போதும். தட்டைப் பிடுங்குவது எவர்க்கும் வேண்டாம்.

மயக்கம், முடி உதிர்தல், கை கால் சில்லிடல், மாதவிலக்கு நிற்றல், உறவினரோடு அமர்ந்து உண்ண மறுத்தல் ஆகியவற்றைத் தாய்மார் கண்டால் மருத்துவரிடம் செல்லத் தயங்கக் கூடாது. நெடுநாள் உண்ணாதிருந்த உடலுக்கு ஒரே நாளில் விருந்து படைப்பதும் இடரே. இரத்தத்தில் உள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் திடீரெனக் குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம். 2016-இல் ஐதராபாத்தில் நீண்ட உபவாசம் முடித்த ஒரு சிறுமி உயிர்நீத்த செய்தி நம் அனைவரையும் உலுக்கியது நினைவிருக்கலாம்.

நம் ஊர்ப்பெண் இப்போது உடல் தேறி வருகிறாள். இவ்வாண்டு பருவம் தொடங்குமுன் ஜினாலயக் குழுவில் ஒரு கருத்தை முன்வைத்தோம்: பதினெட்டு வயது நிரம்பாதோரின் உபவாசத்தை மேடையில் அறிவிப்பதில்லை, நாள்களை எண்ணிச் சொல்வதில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் அது ஏற்கப்பட்டது. சிலர் மனம் வருந்தினர். தம் பேரனின் பெயர் வாசிக்கப்படாதே என்று ஒரு பெரியவர் இன்றும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பெண் தானாகவே வந்து, சதுர்த்தசியன்று என்ன செய்யலாம் என்று கேட்டாள். மருத்துவர் உண்ணாதிருக்க இசையவில்லை. ஆகவே மூன்று வேளையும் உண்டு, நாள் முழுவதும் கைப்பேசியைத் தொடாதிருப்பதாகக் குருமுன் விரதம் ஏற்றாள். அது கடினமாக இருந்ததாகச் சொன்னாள்.