இடமா, மனமா?

'மனுசன் எங்கே வாழ்றானோ அதுக்கேத்த மாதிரிதான் அவன் அரசியலும்' என்று கூட்டங்களில் தோழர்கள் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. ஊர்த்தெருவில் பிறந்தவனுக்குக் கிராமம் என்றால் கோயில், கண்மாய், மந்தை. 'கிராம சுயாட்சி' என்றால் அவனுக்கு இனிக்கும். சேரியில் பிறந்த எனக்கு அந்தக் கோயிலுக்குள் வழியில்லை, கண்மாயில் பங்கில்லை. அதிகாரம் ஊர் கைக்குப் போகுதுன்னா எனக்கு வயித்தைக் கலக்கும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அல்ல, தனிமனிதரையே அலகாகக் கொள்ள வேண்டும் என்றார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பார்வை அது.

ஆனால் இந்த வாதத்தை நீட்டினால் ஒரு வம்பு இருக்கிறது. 'இடம் அவனை அப்படி ஆக்கிடுச்சு, பாவம், அவன் என்ன செய்வான்' என்று ஆதிக்க சாதிக்காரன் தப்பித்துக்கொள்வான்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தைப் பாருங்கள். 1989 மோதலுக்குப் பிறகு தலித் குடியிருப்பை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். 2008 மே 6 அன்று அரசு அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அதை எதிர்த்து ஆதிக்க சாதிக் குடும்பங்கள் பல ரேசன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. ஊரை விட்டாலும் விடுவோம், நீங்க எங்க தெருவுல நடக்கக் கூடாது! இங்கே இடமா மனசை உண்டாக்கியது? மனசுதான் சுவரைக் கட்டியது. சுவர் உடைந்ததும் இடத்தையே உதறியது.

ஆக, ரெண்டு பேர் நிலைமையும் ஒண்ணு இல்லை. சேரி நாங்கள் தேர்ந்தெடுத்த இடமல்ல. அங்கிருந்து உண்டான எங்கள் அரசியல் பட்ட அடியிலிருந்து வந்தது. ஊர்த்தெருவோ அவர்கள் காவல் காக்கிற இடம். 1997-இல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு என்று அரசால் ஒதுக்க முடிந்தது. பழைய ஊர்த்தெருவில் நாங்கள் முழுக்காசு எண்ணி வைத்தாலும் ஒரு சென்ட் மனை கிடைப்பது பெரும்பாடு.

பட்டணத்துக்கும் இதே அளவுகோல்தான். சாதி ஒழிப்பு பேசுகிற தோழரும் மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறாரா இல்லையா? ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை வைத்து அவர் அரசியலை நான் எடைபோட மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரைக் குடியிருக்க விடுகிறார் என்பதைத்தான் பார்ப்பேன்.